எல்லைக்கல் – 14: வண்டிக்கூலி யார் கணக்கில்?

தைப்பூசத்துக்கு நாலைந்து நாள் முந்தி. பாலசமுத்திரம் தாண்டி அணைக்குப் போகிற ரோட்டில் ஒரு டீக்கடை. விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெரியவர், காலடியில் ஒரு தூக்குப்போசி, தோளில் சாயம்போன போர்வை. உள்ளூர் முகமாகத் தெரியவில்லை. கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டார்:

“எந்த ஊருங்க, பெரியவரே?”

“எறக்கி விட்ட ஊருதானுங்க.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வேறொரு கோயில் ஊரில் மண்டபத்து வாசலில் படுத்திருந்தாராம். திருவிழா வருகிறது, பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று ராத்திரியோடு ராத்திரியாகப் பதினைந்து பேரை ஒரு வேனில் ஏற்றினார்களாம். “அடிக்கலீங்க, வையலீங்க. ஆளுக்கொரு பொட்டலம் சோறு கூடக் குடுத்தாங்க.” ஒன்றரை மணி நேர ஓட்டம். இரண்டிரண்டு பேராக ரோட்டோரத்தில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர் பங்குக்கு வந்தது பாலசமுத்திரம்.

அது எந்த ஊர் வேன் என்பதை நான் தோண்டிக் கேட்கவில்லை. எந்த ஊராகவும் இருந்திருக்கலாம். என் மனதில் ஒட்டிக்கொண்டது வேறொரு கேள்வி. அந்த வேனுக்கு டீசல் போட்டது யார்? அந்தப் பதினைந்து பொட்டலத்துக்கும் டிரைவர் பேட்டாவுக்கும் எந்தத் தலைப்பில் செலவு எழுதியிருப்பார்கள்?

சென்ற இதழில், பாலசமுத்திரத்தைத் தலைமை இடமாகக் கொண்டிருந்த பழனிப் பாளையத்தின் எல்லைகளைப் பார்த்தோம். இந்த இதழில், எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடப்பட்டவர்களைப் பார்ப்போம். அவர்களைவிட முக்கியமாக, கொண்டுபோய் விட்ட செலவைப் பார்ப்போம். நாடோடிகள் தங்களைப் பற்றி எதுவும் எழுதி வைக்கவில்லை. அவர்களைத் துரத்தியவர்கள் பில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அவர்கள் சரித்திரத்துக்குள் வந்தார்கள்.

காவல்காரர் கணக்கு

பாளையக்காரர் காலத்தில் இந்தப் பக்கத்தில் இரண்டு வகைக் காவல் இருந்தது. ஒரு கிராமத்துக்கு மட்டும் பொறுப்பானது தலகாவல். பல கிராமங்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட பாதைகளையும் சேர்த்துப் பார்ப்பது திசைகாவல். அது பாளையக்காரர் கையில் இருந்தது. அறுவடையானதும் களத்துமேட்டிலேயே காவலுக்கு உரிய தானியத்தைக் குடியானவர்கள் அளந்துவிடுவார்கள். பதிலுக்குக் காவல்காரர் ஏற்றுக்கொண்ட நிபந்தனை கடுமையானது. தன் எல்லைக்குள் களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஈடு கொடுக்க வேண்டும். போன மாடு எங்கே நிற்கிறது என்று துப்புச் சொல்பவருக்குத் ‘துப்புக்கூலி’ தனி. இன்றைய இன்சூரன்ஸும் போலீஸும் ஒரே ஆளின் இடுப்பு வேட்டியில் முடிந்து வைக்கப்பட்டிருந்தன என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட காவல்காரரின் கண்ணால் ஒரு வழிப்போக்கனைப் பாருங்கள். பொழுது சாய்கிறது. சாவடித் திண்ணையில் ஊர் பேர் தெரியாத ஒருவன் துண்டை விரிக்கிறான். அவன் திருடனா, பசித்தவனா என்பது காவல்காரருக்கு இரண்டாம் பட்சம். விடிவதற்குள் ஏதாவது காணாமல் போனால் தன் கையிலிருந்து போகும் என்பதுதான் முதல் கவலை. அவனை எழுப்பி எல்லைக்கல் வரை நடத்திக் கொண்டுபோய் விட்டால் பொறுப்பு அடுத்த ஊர்க் காவலுக்குப் போய்விடும். இதில் வன்மம் ஒன்றும் இல்லை, கணக்கு மட்டுமே.

நம் கிராமங்களில் பழைய சடங்கு ஒன்று உண்டு. கொள்ளை நோய் கண்டால் அம்மனுக்குப் படையல் போட்டு, நோயை ஒரு கலயத்திலோ சிறு வண்டியிலோ இறக்கி, எல்லையில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். அடுத்த ஊர்க்காரர்கள் அதைக் கண்டால் சும்மா இருப்பார்களா? தங்கள் எல்லையைக் கடத்தி அதற்கடுத்த ஊரில் வைப்பார்கள். நோய் தீர்ந்ததா என்பது வேறு விஷயம், நம் ஊரை விட்டுப் போனதா என்பதே கேள்வி. நாடோடி விஷயத்தில் உலகத்து அரசாங்கங்கள் செய்ததும் பெரும்பாலும் இந்தச் சடங்குதான். சடங்கில் கலயம் தூக்குகிறவர் கூலி கேட்பதில்லை, அரசாங்கத்தில் கேட்டார்கள். அவ்வளவே வித்தியாசம்.

ஆனால் நாம் நிற்கும் மண் சாதாரண மண் அல்ல. ஐந்து கிலோமீட்டருக்குள் பழனி மலை. மலைமேல் நிற்பவர் கோவணாண்டி. வசதியான வீட்டுப் பெண்களும் மடியேந்திப் பிச்சை வாங்கி நேர்த்திக்கடன் தீர்க்கும் ஊர் இது. செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் நூற்றாண்டுக் கணக்கில் காவடியோடு நடந்துவரும் பாதை இது. இங்கே கையேந்துவது விரதம். இதே ஊரின் பேச்சில்தான் ‘பரதேசி’ என்ற சொல்லும் இருக்கிறது. அயல் தேசத்தான் என்பது அதன் பொருள். பிச்சைக்காரன் என்ற அர்த்தம் மெல்ல மெல்ல அதில் ஒட்டிக்கொண்டது. பிச்சை எடுக்கிறவன் வெளியூரானாகத்தான் இருப்பான், வெளியூரான் என்றால் அவன் ஊர்தான் அவனுக்குச் சோறு போட வேண்டும். ஏட்டில் எழுதிய சட்டங்கள் பக்கம் பக்கமாகச் சொன்னதை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

ஆடம்ஸ் என்கிற கான்டிராக்டர்

அந்த ஏட்டுச் சட்டத்தின் தாய்வீடு இங்கிலாந்து. அங்கே ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளுக்குத் தானே வரி போட்டுக் கஞ்சி ஊற்ற வேண்டும். பாரிஷ் என்பதை ஒரு மாதா கோயிலும் அதைச் சுற்றிய வரி எல்லையும் என்று புரிந்துகொள்ளலாம். அப்படியானால் எங்கள் ஏழை யார், உங்கள் ஏழை யார்? 1662-இல் வந்த குடியமர்வுச் சட்டம் இதற்கு விடை சொன்னது. ஆண்டுக்கு 10 பவுண்டுக்குக் குறைந்த வாடகையில் ஒருவர் புதிதாகக் குடிவந்தால், 40 நாளுக்குள் புகார் செய்து, அவருக்கு உரிமையுள்ள பாரிஷுக்கே அவரைத் திருப்பி அனுப்பலாம். பிச்சை கேட்டிருக்கக்கூட வேண்டாம், இனிமேல் கேட்கக்கூடும் என்று தோன்றினாலே போதும்.

இதன் கொடூரம் கர்ப்பிணிகள் விஷயத்தில் வெளிப்பட்டது. கல்யாணமாகாத தாய்க்குப் பிறக்கும் குழந்தை எந்தப் பாரிஷில் பிறந்ததோ அந்தப் பாரிஷின் செலவு. அதனால் வலி கண்ட பெண்ணையும் வண்டியில் ஏற்றி, பிரசவத்துக்குள் எல்லை தாண்ட வைக்க ஊர் அதிகாரிகள் அவசரப்பட்டார்கள். குழந்தை வண்டியிலேயே பிறந்துவிட்டால் வண்டி அப்போது எந்தப் பக்கம் நின்றது என்று வழக்கு நடக்கும். ஒரு குழந்தைக்குப் பத்து வருஷம் சோறு போடும் காசை இரண்டு பாரிஷ்களும் வக்கீலுக்குக் கொடுத்தன.

குடியமர்வுச் சட்டத்தில் அகப்பட்டவர்கள் ஒரு வகை. தெருவில் பிடிபட்ட நாடோடிகள் இன்னொரு வகை. இவர்களுக்கு மாஜிஸ்திரேட் ஒரு ‘பாஸ்’ எழுதுவார். அந்தச் சீட்டோடு கான்ஸ்டபிள் அவரைப் பக்கத்து மாவட்ட எல்லை வரை கொண்டுபோய் அங்குள்ள கான்ஸ்டபிளிடம் ஒப்படைப்பார். அவர் அடுத்த எல்லைக்கு. இப்படியே சொந்த ஊர் வரும்வரை கைமாறிப் போக வேண்டும். முதலில் இந்தச் செலவு வழியில் இருந்த ஊர்கள் தலையில் விழுந்தது. பெரிய ரோட்டோரத்து ஊர்கள் அலறின. 1700 வாக்கில் செலவை மாவட்ட வரியில் ஏற்றினார்கள். வண்டிக்கு இவ்வளவு, மைலுக்கு இவ்வளவு என்று விகிதம் போட்டார்கள். நாடோடியைப் பிடித்துக் கொடுத்தால் பரிசும் உண்டு. விளைவு? பிடிபடுகிறவரும் பிடிக்கிறவரும் பேசி வைத்துக்கொண்டு பரிசைப் பங்கு போட்டார்கள். 1821-இல் இதை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் முன்னால் இந்தக் கதைகள் வரிசையாக வந்து நின்றன.

லண்டனைச் சூழ்ந்த மிடில்செக்ஸ் மாவட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. கான்ஸ்டபிள்களின் பில்லைச் சரிபார்த்து மாளவில்லை, மொத்தமாகக் கான்டிராக்ட் விட்டுவிடுவோம். அப்படி வந்தவர்தான் ஹென்றி ஆடம்ஸ். சிறைச்சாலைகளில் அடைத்து வைத்திருக்கும் நாடோடிகளை வண்டியில் ஏற்றிக்கொள்வார். மாவட்டத்தின் ஓரத்தில், மேற்கே கோல்ன்புரூக் போன்ற இடங்களில், அடுத்த மாவட்டத்துக்காரரிடம் இறக்கிவிடுவார். திரும்பும்போது அங்கிருந்து லண்டன் பக்கம் வர வேண்டியவர்களை ஏற்றிக்கொள்வார். காலி வண்டி ஓட்டுவது கான்டிராக்டருக்கு அழகல்லவே.

கூலி வாங்குவதற்காக அவர் கொடுத்த பட்டியல்கள் பத்திரமாக இருக்கின்றன. பெயர், கூட வந்த மனைவி மக்கள், எந்த மாஜிஸ்திரேட் அனுப்பியது, எந்த ஊர்க்காரர், எங்கே இறக்கியது என்று வரி வரியாக. 1777 முதல் 1786 வரையிலான காலத்தில் இப்போது கிடைத்திருக்கும் பட்டியல்களில் மட்டும் 14,789 பேர். சிப்பாய் வேலை முடிந்து வந்தவர்கள், கைக்குழந்தையோடு விதவைகள், அயர்லாந்திலிருந்து அறுப்புக்கு வந்தவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனின் ஏழைகளைப் பற்றி ஆராய்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆவணம் குறைவு. ஆடம்ஸ் அதைச் சரித்திரத்துக்காக எழுதவில்லை, காசுக்காக எழுதினார். சில பெயர்கள் மறுபடியும் வருகின்றன. கொண்டுபோய் விட்டவர் நடந்தே லண்டனுக்குத் திரும்பிவிட்டால் கான்டிராக்டருக்கு நஷ்டமில்லையே.

கம்பெனி வந்த பிறகு

1790-இல் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் திண்டுக்கல் கோட்டையைப் பிடித்தார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை முறைப்படி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. பாளையக்காரர்களின் திசைகாவல் வருமானம் கம்பெனியின் கண்ணை உறுத்தியது. அதையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. 1816-ஆம் ஆண்டின் 11-ஆவது ரெகுலேஷன், கிராம மணியக்காரரையும் தலையாரியையும் மறுபடியும் போலீஸ் வேலைக்கு இழுத்தது. 1859 சட்டம் சம்பளம் வாங்கும் போலீஸை உண்டாக்கியது. பழைய முறையில் களவுக்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்ட ஓர் ஆள் இருந்தார். புதிய முறையில் வரி மட்டும் தொடர்ந்தது, ஈடு கொடுக்க யாரும் இல்லை. சந்தேகப்பட்டவரைத் தலையாரி தாசில்தார் கச்சேரி வரை நடத்திக் கொண்டுபோவது மாத்திரம் மாறவில்லை.

துரத்துவதற்கு நேர் எதிரான வழக்கமும் இந்தக் காலத்தில் கூடவே வளர்ந்தது. 1780-இல் ஹைதர் அலி படையெடுத்தபோது கிராமங்கள் எரிந்தன, ஜனங்கள் மதராஸை நோக்கி ஓடினார்கள். 1782-இல் நகரத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு கிராம மணியக்காரரின் சத்திரத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் வாயில் மணியக்காரர் ‘மோனிகர்’ ஆனார். அதை ஒட்டி வந்த மருத்துவமனைதான் பிற்காலத்து ஸ்டான்லி. வடசென்னைப் பெரியவர்கள் அதற்குச் சொன்ன பெயர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. தொட்டியில் கஞ்சி நின்று வெகுகாலம் ஆன பிறகும் பெயர் நின்றது. மணியக்காரர் சத்திரம் ராயபுரத்தில் இன்றும் ஆதரவற்ற முதியோரை வைத்துப் பராமரிக்கிறது. வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் உட்கார வைத்ததற்கு அடையாளமாக நம்மிடம் ஒரு கட்டிடமாவது இருக்கிறது.

குதிரைக்காரன் பில்

நாடோடி என்றதும் கறுத்த முகமே நம் நினைவுக்கு வருகிறது. இந்தியாவில் நாடோடிகளை அரசு செலவில் கப்பலேற்ற வந்த பெரிய சட்டம் வெள்ளைக்காரர்களுக்காக வந்தது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். 1869-இன் 21-ஆவது சட்டம், பிறகு அதைத் திருத்தி எழுதிய 1874-இன் 9-ஆவது சட்டம். பெயரே ‘ஐரோப்பிய நாடோடிகள் சட்டம்’.

1857-க்குப் பிறகு பட்டாளத்திலிருந்து கழற்றிவிடப்பட்டவர்கள், கப்பலிலிருந்து இறங்கி ஓடியவர்கள், பாதை போட்டு முடிந்ததும் ரயில்வே கம்பெனி அனுப்பிவிட்ட தொழிலாளிகள் என்று ஏழை வெள்ளையர்கள் டிரங்க் ரோடுகளில் நடக்க ஆரம்பித்தார்கள். ஆங்கிலோ-இந்தியப் பத்திரிகைகள் அவர்களை ‘லோஃபர்’ என்றன. இன்று நாம் திட்டுவதற்கு வைத்திருக்கும் அதே சொல். ஆள வந்த சாதியில் பிறந்தவன் கறுப்பனின் திண்ணையில் கையேந்தி நின்றால் ராஜ்ஜியத்தின் மானம் என்னாவது? அரசுக்கு இருந்த பதைப்பு பசியைப் பற்றியதல்ல. மதராஸ் போன்ற தலைநகரங்களில் அவர்களுக்கென்று ‘ஒர்க் ஹவுஸ்’ வைத்தார்கள். பிடித்து வந்து சாப்பாடு போட்டு வேலை தேடிக் கொடுப்பார்கள். கிடைக்காவிட்டால் திரும்பி வருவதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு கப்பலேற்றுவார்கள்.

கப்பல் டிக்கெட் யார் கணக்கில்? சட்டத்தின் சுவாரசியமான பகுதி இதுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து பட்டாளத்துக்குக் குதிரைகள் கப்பல் கப்பலாக மதராஸுக்கு வந்துகொண்டிருந்தன. ஓசூருக்கு அருகே மத்திகிரியில் பட்டாளத்துக் குதிரைப் பண்ணையே இருந்தது. குதிரைகளைக் கடலில் பார்த்துக்கொள்ள வெள்ளைக்காரக் குதிரைக்காரர்களும் கூட வருவார்கள். குதிரை நல்ல விலைக்குப் போகும், குதிரைக்காரன் கடற்கரையில் நிற்பான். வியாபாரிக்கு அவனைத் திருப்பி அனுப்பும் எண்ணம் இருக்காது. சட்டம் வியாபாரியின் சட்டையைப் பிடித்தது. வேலைக்கென்று அழைத்து வரப்பட்டவனோ, மிருகங்களோடு வந்தவனோ, இறங்கிய ஒரு வருஷத்துக்குள் நாடோடியாகி அரசின் தலையில் விழுந்தால் அவனைத் திருப்பி அனுப்பும் செலவை அழைத்து வந்தவரே கட்ட வேண்டும்.

இதன் மறுபக்கம் லண்டனில் நடந்தது. கம்பெனிக் கப்பல்களில் வேலை பார்த்துப் போன நம் நாட்டு மாலுமிகளான லஸ்கர்கள் தேம்ஸ் நதிக்கரையில் குளிரில் செத்தார்கள். 1814, 1823 சட்டங்கள், அவர்களுக்குச் சோறும் துணியும் கொடுத்து ஊருக்கு அனுப்பும் பொறுப்பைக் கம்பெனி மேல் வைத்தன. கப்பல் முதலாளியிடமிருந்து செலவை வசூலித்துக்கொள்ளவும் வழி விட்டன. 1857-இல் லைம்ஹவுஸ் பகுதியில் அவர்களுக்கென்று ஒரு விடுதியும் திறந்தார்கள்.

நாம் பார்த்ததிலேயே நியாயத்துக்கு மிக அருகில் வந்த கணக்கு இவை இரண்டும்தான். ஆளை அழைத்து வந்து லாபம் பார்த்தவரே அவன் ஊர் திரும்பக் காசு கொடுக்க வேண்டும் என்ற விதி. உள்ளூர் ஏழை விஷயத்தில் இப்படி ஒரு முதலாளியை யாரும் தேடியதில்லை.

தாது வருஷம்

1876–78 பஞ்சத்தைப் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். மழையை நம்பிய திண்டுக்கல், பழனிப் பக்கத்துப் புஞ்சைக் காடுகளுக்கு அது பேரிடி. ஜனங்கள் கிளம்பினார்கள். சிலர் மலை தாண்டினார்கள், சிலர் இலங்கைக்குப் போனார்கள், பலர் பட்டணங்களை நோக்கி நடந்தார்கள். மதராஸ் நகரத்துக்குள் வந்தவர்களைப் போலீஸ் திரட்டி முகாம்களுக்குக் கொண்டுபோனது.

1877 ஜனவரியில் செலவைக் குறைக்க வைஸ்ராய் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்தார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். மதராஸின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இது உயிரைப் பிடித்து வைக்காது என்று வாதாடினார். சில மாதங்களில் கூலியை ஏற்ற வேண்டி வந்தது. அதோடு இன்னொரு விதி. திடகாத்திரமானவர் வீட்டிலிருந்து 10 மைலுக்கு அப்பால் உள்ள நிவாரண வேலைக்குத்தான் போக வேண்டும். அவ்வளவு தூரம் நடந்து வருகிறவன்தான் உண்மையில் பசித்தவன் என்பது அதன் தர்க்கம். கூட்டிக் கழித்துப் பாருங்கள். சோறு தேடி ஊரை விட்டு வந்தவனை ‘ஊருக்குப் போ’ என்றார்கள், ஊரில் இருந்தவனை ‘சோறு வேண்டுமானால் ஊரை விட்டு வா’ என்றார்கள்.

அந்தக் கோர அனுபவத்திலிருந்து 1883-இல் மதராஸ் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. அலைந்து திரிகிறவர்களை ஏழை விடுதியில் சேர்ப்பது, வேலைக்கு அனுப்புவது, பஞ்சம் தீர்ந்ததும் வழிச்செலவு கொடுத்து ஊருக்கு அனுப்புவது என்று முறை வகுத்தார்கள். ‘வழிச்செலவு’ என்ற ஒரு வார்த்தை, முந்தைய நூற்றாண்டின் வண்டிக்கூலியிலிருந்து ஒரு படி மேலே. காசு வண்டிக்காரன் கைக்குப் போகாமல் நடப்பவன் கைக்குப் போனது.

இதற்கிடையில் உள்ளாட்சி என்று ஒன்று பிறந்தது. திண்டுக்கல் 1866-இல் நகராட்சி ஆனது, பழனி 1886-இல். 1884 சட்டத்தின் கீழ் வந்த தாலுகா, ஜில்லா போர்டுகள் ரோடு, சந்தை, அம்மை குத்துதல் ஆகியவற்றோடு சத்திரங்களையும் கவனித்தன. வழிப்போக்கரைத் தங்க வைக்கும் பணமும் அப்புறப்படுத்தும் பணமும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்கப்படும் காலம் இப்படித்தான் தொடங்கியது.

ரப்பர் தோட்டத்திலிருந்து

கடல் கடந்து போன தமிழர் கணக்கையும் இங்கே சேர்க்க வேண்டும். 1907-இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். எத்தனை தமிழ்த் தொழிலாளர் வேலை செய்கிறார்களோ அதற்கேற்பத் தோட்ட முதலாளிகள் பணம் கட்ட வேண்டும். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களிலிருந்து ஆள் ஏற்றும் செலவு அந்த நிதியிலிருந்து. நோயாளியாகி, வேலைக்கு ஆகாமல் போனவர்களைத் திருப்பி அனுப்பும் செலவும் அதிலிருந்தே. 1930 வாக்கில் உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்களை அந்தக் காசில் கப்பலேற்றினார்கள். குதிரைக்காரன் சட்டத்தின் நியாயம் இதிலும் உண்டு. ஆனால் கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். போராடவோ, அங்கேயே குடியுரிமை கேட்கவோ கூடியவர்களைச் சுமை இல்லாமல் கழற்றிவிட அது வசதியான கருவி. இலவச டிக்கெட் சில நேரம் உதவி, சில நேரம் ‘கிளம்பு’ என்பதற்கு மரியாதையான பெயர்.

சந்தேகக் கேஸ்

உள்நாட்டில் 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109-ஆவது பிரிவு வந்தது. கண்ணுக்குத் தெரிந்த பிழைப்பு இல்லாதவர், தன்னைப் பற்றித் திருப்தியாக விவரம் சொல்ல முடியாதவர் நன்னடத்தைக்கு ஜாமீன் கொடுக்க வேண்டும். கொடுக்க ஆள் இல்லையென்றால் ஜெயில். ஊரில் ஒருவரையும் தெரியாதவன் ஜாமீனுக்கு யாரைக் கூப்பிடுவான்? ஸ்டேஷன் பேச்சில் ‘சந்தேகக் கேஸ்’ என்று புழங்கிய இந்த வலையில் எத்தனை கூலிக்காரர்கள் விழுந்தார்களோ. 1973-இல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோதுதான் ‘பிழைப்பு இல்லாதவர்’ என்ற பகுதி அதிலிருந்து போனது. இதற்கு இணையாக ஓடிய குற்றப் பரம்பரைச் சட்டம் சாதி சாதியாக மனிதர்களைக் குற்றவாளியாக்கியது. அது தனி அத்தியாயம் கேட்கும் விஷயம், பிறகு வருவோம்.

1943-இல் வங்கப் பஞ்சம். கல்கத்தா நடைபாதைகளில் பிணங்கள் விழுந்தன. அக்டோபரில், ஆதரவற்றோரைப் பிடித்துச் சொந்த ஊர்ப் பக்கம் அனுப்ப ஓர் அவசரச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் வங்காள நாடோடிகள் சட்டமும் வந்தது. இரண்டு வருஷம் கழித்து மதராஸில் பிச்சை எடுத்தல் தடுப்புச் சட்டம், 1945-இன் 13-ஆவது சட்டம். 1939-இல் காங்கிரஸ் மந்திரிசபை விலகிய பிறகு கவர்னர் நேரடியாக ஆண்ட காலம் அது. மக்கள் பிரதிநிதிகள் விவாதித்துச் செய்த சட்டம் அல்ல. ஆண்டி நிற்கும் மலை உள்ள மாகாணத்தில் கையேந்துவது குற்றமானது. பூந்தமல்லிப் பக்கம் மேல்பாக்கத்தில் உள்ள அரசுப் பராமரிப்பு முகாம் இந்தச் சட்டத்தின் வாரிசு.

பக்கத்துக் கர்நாடகம் 1975 சட்டத்தில் செலவுக்கு ஒரு நேரான வழி கண்டது. உள்ளாட்சிகள் வசூலிக்கும் சொத்து வரியோடு 3 சதவீதம் ‘பிச்சைக்காரர் தீர்வை’. வீட்டு வரி ரசீதிலேயே அந்த வரி தெரியும். நேர்த்திக்கடனுக்காகத் தொந்தரவில்லாமல் யாசிப்பவருக்கு அந்தச் சட்டம் விலக்கும் கொடுத்தது. நம் மடிப்பிச்சைக்காரர்கள் அங்கே தப்பித்தார்கள். தமிழ்நாட்டில் 1971 வாக்கில் மு. கருணாநிதி ஆட்சியில் பிச்சைக்காரர் மறுவாழ்வுத் திட்டம் வந்தது. தொழுநோயால் பிச்சைக்குத் தள்ளப்பட்டவர்களுக்குச் செங்கல்பட்டை அடுத்த பரனூர் போன்ற இடங்களில் இல்லங்கள் எழுந்தன. குறைகள் ஆயிரம் சொல்லலாம். ஆனால் அங்கே அரசுப் பணம் எல்லை கடத்தச் செலவாகவில்லை, ஒரு கூரைக்குச் செலவானது.

இந்தூர் லாரி

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு, 2021 ஜனவரி 29. நாட்டின் தூய்மையான நகரம் என்று திரும்பத் திரும்பப் பரிசு வாங்கும் இந்தூரின் மாநகராட்சி லாரி ஒன்று, வீடற்ற முதியவர்களை ஏற்றிக்கொண்டு நகர எல்லைக்கு வெளியே க்ஷிப்ரா என்ற ஊரில் இறக்கத் தொடங்கியது. நிற்கக்கூட முடியாத கிழவர்கள், அவர்களுடைய மூட்டைகள், குளிர்காலம். உள்ளூர்க்காரர்கள் செல்போனில் படம் பிடித்துச் சத்தம் போட்டார்கள். ஊழியர்கள் மறுபடியும் எல்லாரையும் லாரியில் ஏற்றினார்கள். நாடு முழுக்க அந்தப் படம் ஓடியது, அதிகாரி சஸ்பெண்ட் ஆனார். ஹென்றி ஆடம்ஸ் பார்த்திருந்தால் ஒன்றே ஒன்றைக் குறை சொல்லியிருப்பார்: எதிர்ப்பக்கத்தில் வாங்கிக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்யவில்லையே.

அதற்கு முன்பே, 2018 ஆகஸ்ட் 8-இல் டெல்லி உயர் நீதிமன்றம், டெல்லியில் நடப்பிலிருந்த 1959-ஆம் ஆண்டு பம்பாய் பிச்சைத் தடுப்புச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளைச் செல்லாது என்றது. 2021 ஜூலையில், கொரோனாக் காலத்தில் தெருவிலிருந்து பிச்சைக்காரர்களை அகற்றச் சொல்லி வந்த மனுவில், மேட்டுக்குடிப் பார்வையை எடுக்க முடியாது, வேறு வழியில்லாமல்தான் ஜனங்கள் தெருவுக்கு வருகிறார்கள் என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் பேசியது. சட்டத்தின் குரல் மாறியிருக்கிறது. வேன்களுக்கு அது இன்னும் கேட்கவில்லை.

மூன்று நூற்றாண்டுக் கணக்குப் புத்தகங்களைப் புரட்டியதில் எனக்குப் பட்டதைச் சொல்லி முடிக்கிறேன். ஏழையை வைத்துக்கொள்ளப் பணமில்லை என்று சொல்லாத உள்ளாட்சி எந்தக் காலத்திலும் இல்லை. அவனை அனுப்பப் பணமில்லை என்று சொன்ன உள்ளாட்சியை நான் இன்னும் சந்திக்கவில்லை. வண்டி, காவலாள், பேட்டா, பொட்டலம், வக்கீல், பரிசு, கான்டிராக்ட் என்று எல்லாவற்றுக்கும் தலைப்பு கிடைத்திருக்கிறது. சண்டை வந்ததெல்லாம் யார் கணக்கில் என்பதில்தான். அந்தக் கூட்டல் தொகையை ஒரு வருஷத்துக் கஞ்சிச் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அது வேறு ஊர்க் கணக்கு.

டீக்கடைப் பெரியவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். காசை எடுக்க மடியைத் தடவினார். கடைக்காரர் வேண்டாம் என்று தலையசைத்தார். “அடுத்து எங்கீங்க?” என்று கேட்டேன். வடக்கே பனிக்குள் தெரிந்த மலைக்கோயில் விளக்கைக் கையால் காட்டினார்.

“அதான் தெரியுதுங்களே. பூசம் வேற வருது.”

காவடிக் கூட்டம் ஒன்று அப்போது அந்த வழியே போயிற்று. அவர் போர்வையை உதறிப் போட்டுக்கொண்டு அவர்களோடு சேர்ந்து நடந்தார். நூறடி தாண்டுவதற்குள் யார் நேர்த்திக்கடனுக்கு வந்தவர், யார் வேனிலிருந்து இறங்கியவர் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

*(அடுத்த இதழில்: பழனிப் பாதைச் சத்திரங்கள் – அடுப்பு யாருக்கு எரிந்தது, யாருக்கு அணைந்தது?)*